அன்னையர் ஞாயிறின் இரண்டாம் பந்தி

அத்தியாயம் பதினேழு

வெள்ளிக்கிழமை இரவு வில்ஃப் ஹக்கர்பி மாடிப்படி ஏறி வந்து, மகள் லொரைனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்த பத்து வீடும் போகட்டும்மா, இந்த பேக்ஹார்ஸ் உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தார் அல்லவா? லொரைன் அதைக் கேட்டு அழுதாள். நம்மில் சிலரும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நானாக இருந்தால் அந்த நிமிடமே எழுதி வாங்கியிருப்பேன். லொரைன் வாங்கவில்லை. அப்பாவின் வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்துக் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

பப் நடத்துகிறவர்கள் தங்கள் பப்பை வீடு என்றுதான் சொல்வார்கள். ஹக்கர்பி கம்பெனிக்கு அப்படிப் பதினோரு வீடுகள், நாட்டிங்ஹாம் பக்கத்துச் சின்ன ஊர்களில். ஒரு காலத்தில் இருபத்திரண்டு இருந்தன. பாதியை வங்கி விழுங்கியது, மீதிப் பாதியை அவள் தம்பி ரஸலின் யோசனைகள் விழுங்கப் பார்த்தன. ஆனால் முதல் வீடான பேக்ஹார்ஸ், லொரைனுக்கு நிஜமாகவே வீடு. கீழே பாரும் சாப்பாட்டுக் கூடமும். மாடியில் அவள் எட்டு வயதிலிருந்து படுத்துத் தூங்குகிற அறை. நடுவில் ஒரு கல்யாணம், அது உப்புச் சப்பில்லாமல் முடிந்ததும் திரும்பவும் அதே அறை. கம்பெனி விலைபேச வந்திருக்கிற லண்டன்காரர்கள் கைக்கு மாறினால் அந்த மாடியும் சேர்ந்து போகும். ஐம்பத்தாறு வயதில் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அதுவும் அன்னையர் ஞாயிறு. வருடம் முழுக்க அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடாத பிள்ளைகள்கூட இன்று அம்மாவுக்கு நல்ல கோட்டு மாட்டிவிட்டு, காரில் ஏற்றி, பப்பில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரே நாளில் மூன்று பந்தி. பப்காரர்களின் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் அன்றைக்கு அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது.

காலையிலேயே ரஸல் வந்துவிட்டான். லொரைனுக்கு ஐந்து வயது இளையவன், கம்பெனியின் மேலாண்மை இயக்குநர், இன்றைக்கும் அப்பா எதிரே வந்தால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறவன். சமையற்கட்டில் லொரைன் கிரேவியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் மேசையை அவங்களுக்குப் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. வருஷா வருஷம் அங்க உக்கார்ற குடும்பத்தை டாய்லெட் பக்கம் தள்ளியாச்சு. திட்டு எனக்கு, மேசை உன் லண்டன்காரங்களுக்கு."

"ஃபிலிப்பா கிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசு, லொரைன்."

"நான் எதுக்குடா சிரிக்கணும்? அவங்க வாங்கறது மத்த பத்தை. இங்க சாப்பிடத்தானே வர்றாங்க. சாப்பாடு நல்லா இருக்கும், அது போதும்."

ரஸல் தட்டிலிருந்து உப்பிய மாவுப் பண்டமான யார்க்ஷர் புடிங் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பதில் இல்லாதபோது எதையாவது வாயில் போட்டுக்கொள்வது சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம். லொரைன் அதைக் கவனித்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். உருளைக்கிழங்கு கருகுகிற வாசனை வந்தது, அவள் அடுப்புப் பக்கம் ஓடினாள்.

"அப்பா இன்னிக்கே அவங்ககிட்ட பேக்ஹார்ஸைப் பத்திச் சொல்லிடறேன்னாரு" என்றாள் அங்கிருந்தே. "ரெண்டாவது பந்தி முடிஞ்சு கதை சொல்வாரு இல்ல, அது முடிஞ்சதும்."

"சொல்லட்டும்" என்றான் ரஸல், வாய் நிறைய.

முதல் பந்தி அமளியாக ஓடியது. இரண்டாம் பந்தியில் ஜன்னல் மேசைக்கு லண்டன் கம்பெனியின் ஃபிலிப்பா வந்தாள். நாற்பது வயது இருக்கும். மரியாதையான சிரிப்பு, கூட ஒரு இளைஞன். இருவரும் மற்றவர்களைப் போலவே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இறைச்சியை லொரைன் வெட்டிப் போட்டாள். கேரட்டு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டியது. போதும் என்கிற வரைக்கும். அதுதான் ஹக்கர்பி வீடுகளின் முறை.

"பிரமாதம்" என்றாள் ஃபிலிப்பா. "இந்த முறையைத்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

லொரைனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த முறை யாருடையது என்று இவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அப்பா வாயாலேயே தெரியப்போகிறது என்று நினைத்து, இன்னொரு துண்டு இறைச்சியைச் சேர்த்து வைத்தாள்.

தட்டுகள் காலியானதும் வில்ஃப் எழுந்தார். எண்பத்திரண்டு வயது, கம்பி போல நிமிர்ந்த முதுகு. கரண்டியால் இறைச்சித் தட்டைத் தட்டினார். கூடம் அடங்கியது. அம்மாக்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

கம்பெனி பிறந்த கதையை அவர் ஒவ்வொரு அன்னையர் ஞாயிறும் சொல்வார். எல்லோருக்கும் மனப்பாடம். எழுபத்தொன்பதில் இதே நாளில் பரிமாறுகிற பெண்கள் வராமல் போனதும், வாசலில் கூட்டம் நின்றதும், பதினாறு வயது லொரைன் ஜனங்கள் கையில் தட்டைக் கொடுத்து, 'நீங்களே எடுத்துக்குங்க' என்று சொன்னதும், வில்ஃப் பாய்ந்து வந்து, 'இது என்ன பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையா?' என்று எல்லார் எதிரிலும் அவளைப் பார்த்துக் கத்தியதும் கதையில் வரும். அந்த அதட்டல் வருகிற இடத்தில் கூடமே சேர்ந்து கத்தும். அடுத்த வாரம் ஊரே அந்த வரிசையில் நிற்க வந்தது, அதற்கடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் சேர்ந்தன என்று கதை முடியும்.

"எழுபத்தி ஒண்ணுல நான் பீர் லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தார் வில்ஃப். "இந்த வாசல்ல பீப்பாய் இறக்கும்போதெல்லாம் என் பொண்டாட்டி மேவிஸ் கிட்ட சொல்வேன், ஒரு நாள் நான் இறக்கறவனா இருக்க மாட்டேன்டி, உள்ள நின்னு வாங்கிக்கிறவனா இருப்பேன்னு. அவ சிரிப்பா."

ஜன்னல் மேசை இளைஞன் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

"எழுபத்தொம்பதுல, இதே அம்மாக்கள் ஞாயிறு. பரிமாற ஆள் வரலை. வெளிய கூட்டம். நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன். அப்போ என் பையன் ரஸல் வந்து சொன்னான்..."

லொரைன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, தட்டை அவங்க கையிலயே குடுத்துடலாம்பான்னான். அன்னிக்கே அவன் மண்டைக்குள்ள இந்தக் கம்பெனி இருந்துச்சு."

சேர்ந்து கத்தக் காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார் முனையில் எப்போதும் உட்காரும் லென், பழைய பஸ் டிரைவர், குரல் கொடுத்தான்.

"வில்ஃப், அது லொரைன்பா. உனக்கு மறந்துடுச்சு."

"எனக்கு எதுவும் மறக்கலை, லென்" என்றார் வில்ஃப். "ரஸல்னுதான் சொன்னேன்."

அவர் லொரைனைப் பார்க்கவில்லை. ரஸலும் பார்க்கவில்லை. வயதான மனிதர், தடுமாறிவிட்டார் என்று சொல்லவும் இடம் வைக்காமல் சொல்லிவிட்டார். கைதட்டல் எழுந்தது, கொஞ்சம் தாமதமாக. ஃபிலிப்பா எல்லோரையும்விட நன்றாகக் கைதட்டினாள்.

பேக்ஹார்ஸைப் பற்றி வில்ஃப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார்.

லொரைன் அவரைச் சாமான் அறையில் பிடித்தாள். மாவு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா?"

"கூட்டம் இருக்கறப்போ இதைப் பேசாத. போய் மூணாவது பந்தியைப் பாரு."

"அன்னிக்கு அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மாடியில கெடந்தான். அவனுக்கு நான்தான் கஞ்சி கொண்டு போனேன். எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?"

வில்ஃப் மாவு ஒட்டிய கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, பொய் சொல்கிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல், நிஜத்தைச் சொன்னார்.

"உனக்குக் கை இருக்கு, லொரைன். எங்க கொண்டு போய் விட்டாலும் பொழைச்சுப்ப. அவன் கிட்ட என்ன இருக்கு? என் பேரைத் தவிர ஒண்ணும் இல்ல. அந்தப் பேரையாவது அவன் வெச்சுக்கட்டும்."

கெட்டிக்காரியாகப் பிறந்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்பதை நானும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கையாலாகாத பிள்ளைக்குச் சொத்து, கையால் உழைக்கிற பிள்ளைக்குப் பாராட்டு. இங்கே அந்தப் பாராட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

கதவோரம் ரஸல் வந்து நின்றான்.

"லொரைன், கோவப்படாம கேளு. அவங்க கதையோட சேர்த்துத்தான் வாங்கறாங்க. கதை நடந்தது இந்த வீட்டுல. பேக்ஹார்ஸ் இல்லேன்னா மத்த பத்தும் வேண்டாங்கறாங்க. மெனு அட்டைக்குப் பின்னாடி அப்பாவும் நானும் நிக்கற படம் வரும். அப்பா, மகன். அவங்களுக்கு அது போதும்னு ஆயிடுச்சு. நானா கேட்டேன்?"

"வேண்டாம்னும் நீ சொல்லலை."

ரஸலுக்கு வாயில் போட்டுக்கொள்ள அங்கே மாவைத் தவிர எதுவும் இல்லை.

"மாடி என்ன ஆகும்?" என்றாள் லொரைன்.

"தங்கற ரூமா மாத்துவாங்க. உனக்கு டைம் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். நாளைக்குத்தான் கையெழுத்து. அப்பறம்... இந்த வீட்டு பார் லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு இல்ல? அதையும் நாளைக்கு மாத்திக் குடுத்துடு. ரெண்டு நிமிஷ வேலை."

லொரைன் அப்பாவைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பிடித்த கை இப்போது மாவு மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குத்தானே?" என்றாள். "சரி."

நேராகப் பாருக்குப் போனாள். கடை மூடுகிற நேரத்துக்கு அடிக்கிற பித்தளை மணி அங்கே தொங்கும். பட்டப்பகலில், அதுவும் அன்னையர் ஞாயிறன்று, அதை யாரும் அடித்ததில்லை. லொரைன் கயிற்றைப் பிடித்து, கூடம் முழுக்க வாயடைத்துப் போகிற வரை அடித்தாள்.

"நேரம் முடிஞ்சுது" என்றாள். "இந்த வீட்டு லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. நான் விக்கலேன்னா இங்க யாரும் ஒரு சொட்டு விக்க முடியாது. சாப்பாடு உண்டு, காப்பி உண்டு. பீர் இல்லை, ஒயின் இல்லை."

"என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்றான் லென்.

"கதையிலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க, லென். உங்க எல்லாருக்கும் தெரியும் அது யார் செஞ்சதுன்னு. இப்போ வீட்டையும் எடுக்கறாங்க."

கூடத்தில் பாதிப் பேர் அவள் கையால் இருபது முப்பது வருடம் சாப்பிட்டவர்கள். அவர்களில் நாலு பேராவது எழுந்து நிற்பார்கள் என்று அவள் நினைத்தாள். ஜன்னல் மேசைக்காரிக்கு இந்த வீடு யாருடையது என்று ஜனங்களே சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் மணியடித்தாள்.

லென் தன் கிளாஸைப் பார்த்தான்.

"நீ சொல்றது நியாயம்தான். நான் இல்லேங்கலை. ஆனா நான் இன்னும் ரெண்டாவது பைன்ட் பீரே வாங்கலையே."

யாரோ சிரித்தார்கள். டாய்லெட் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எங்கம்மா ஒரே ஒரு ஷெர்ரி கேட்டாங்க. வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய வர்றாங்க. ஏற்கெனவே எங்க மேசையைப் பிடுங்கிட்டீங்க. உங்க குடும்பச் சண்டைக்கு நாங்கதான் கெடைச்சோமா?"

"ஆமா, அதானே" என்று இரண்டு மூன்று குரல்கள். ஒருவன் மேசையைத் தட்டினான். எழுந்தவர்கள் எல்லோரும் தங்கள் கோட்டுகளை எடுக்கத்தான் எழுந்தார்கள். லொரைனுக்கு முகம் எரிந்தது. அப்பா செய்தது நெஞ்சில் குத்தியது என்றால், இது முகத்தில் அறைந்தது.

அப்போது வில்ஃப் பின்பக்கத்திலிருந்து வந்தார். முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது. கவுண்டரின் தூக்குப் பலகையைத் தூக்கி உள்ளே நுழைந்தார். மகளைத் தாண்டி, ஒரு கிளாஸை எடுத்து, பம்ப் கைப்பிடியை இழுத்தார். நுரை வழிய நிரப்பி லென் முன்னால் வைத்தார்.

"அப்பா, விக்கக் கூடாது."

"விக்கறது யாரு? காசு வாங்கினாத்தானே வியாபாரம்?" என்றார் கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "நான் குடுக்கறேன். ஹக்கர்பி வீட்டுல இன்னிக்கு அம்மாக்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் எல்லாம் இனாம். வாங்க."

கூடம் ஆர்ப்பரித்தது. கோட்டுகள் திரும்ப நாற்காலிக்குப் போயின. ஷெர்ரி கேட்ட கிழவிக்கு முதல் கிளாஸ் போனது. இனாமாகக் கொடுக்க லைசென்ஸ் வேண்டாம் என்பது பழைய பப்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. வில்ஃப் அதை மகளுக்குச் சொல்லித் தந்ததில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது. இப்போது மகளையே அடிக்க அது உதவியது. ஊற்ற ஊற்ற அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது. லென் கிளாஸை உயர்த்தி, "வில்ஃபுக்கு" என்றான். எல்லோரும், "வில்ஃபுக்கு" என்றார்கள்.

லொரைன் மணிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் கயிறு இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபிலிப்பா கவுண்டருக்கு வந்தாள்.

"மிஸ்டர் ஹக்கர்பி, தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"உனக்கும் ஊத்தறேன்மா. அந்தத் தம்பிக்கும். இது என் வீடு, இங்க யாரும் காஞ்ச வாயோட போகக் கூடாது."

"சார், அது உங்க பீர் இல்லை."

வில்ஃப் சிரித்தார். "யாரோடதாம்?"

ஃபிலிப்பாவின் குரல் உயரவில்லை. அவளுக்கு இது சங்கடமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்களோடது. வியாழக்கிழமை லண்டன்ல நீங்க கையெழுத்துப் போட்டப்பவே வீடு, சரக்கு எல்லாம் மாறிடுச்சு. பீப்பாய் உட்பட. இப்படி இனாமாக் குடுத்தா நான் மேல பதில் சொல்லணும்."

ரஸல் முன்னால் வந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வியாழக்கிழமையா? நாளைக்குத்தானே கையெழுத்து? அப்பா, நாம ரெண்டு பேரும் நாளைக்குப் போறதாத்தானே பேச்சு?"

வில்ஃபின் கையில் கிளாஸ் நிரம்பி வழிந்து அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது. கைப்பிடியை விட அவருக்குத் தோன்றவில்லை.

"என்னையும் விட்டுட்டுத் தனியாப் போய்ப் போட்டீங்களா?" என்றான் ரஸல் மறுபடியும், இந்த முறை சின்னப் பையன் குரலில்.

லொரைன் அவனைக் கவனிக்கவில்லை. வியாழனுக்கு அடுத்ததுதான் வெள்ளி என்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எல்லாவற்றையும் விற்று முடித்துவிட்டு, மறுநாள் படியேறி வந்து கையைப் பிடித்திருக்கிறார். இந்த பேக்ஹார்ஸ் உனக்குத்தான் என்று அவர் சொன்னபோது அதைக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அவள் அழுதபோது முதுகைத் தட்டிக்கொடுத்தாரே, அந்தத் தட்டுதலும் பொய். இதைவிட அவர் அவளை எல்லார் எதிரிலும் அடித்திருக்கலாம்.

ஃபிலிப்பா அவள் பக்கம் திரும்பினாள்.

"மேடம், லைசென்ஸ் உங்க பேர்லதான் இருக்கு. பாருக்குள்ள யார் நிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும். இவரை வெளிய வரச் சொல்றீங்களா?"

கூடத்தில் இனாம் பீர் வாங்கியவர்கள் அதைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்ஃப் அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாக மகளை நேராகப் பார்த்தார்.

"லொரைன்" என்றார். "நாற்பத்தெட்டு வருஷமா நான் இந்தப் பக்கம் நின்னவன்."

அவள் கயிற்றை விட்டாள். கவுண்டரின் தூக்குப் பலகையைத் தூக்கிப் பிடித்தாள்.

"வெளிய வாங்க, மிஸ்டர் ஹக்கர்பி. இங்க வேலை பார்க்கறவங்க மட்டும்தான் நிக்கலாம்."

சட்டைக் கை சொட்டச் சொட்ட வில்ஃப் குனிந்து வெளியே வந்தார். பலகையை அவள் இறக்கினாள். வாடிக்கைக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்றவர், உட்கார இடம் தேடினார். லென் தன் ஸ்டூலில் இன்னும் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் லொரைன். "வியாழக்கிழமையே எல்லாம் முடிஞ்சுதுன்னா, வெள்ளிக்கிழமை எதுக்கு மாடிக்கு வந்தீங்க?"

வில்ஃப் வாயைத் திறந்தார். ரஸலைப் பார்த்தார், ஃபிலிப்பாவைப் பார்த்தார், நனைந்த சட்டைக் கையைப் பிழிய ஆரம்பித்தார்.

வாசலில் மூன்றாம் பந்திக்காரர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.